திருப்பிப் போட்ட குறிச்சி

சிட்னியில் டூங்கபிப் பக்கம் கல் பதித்த முற்றம் எங்கே கண்டாலும், யார் பதித்தது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பாதிக்கு மேல் என் பெயரைத்தான் சொல்வார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஓர் இத்தாலியக்காரனுக்குக் கீழே தள்ளுவண்டி தள்ளினேன். பிறகு சொந்த வான், சொந்தக் கலவை இயந்திரம், எனக்குக் கீழே ஆட்கள். ஒரு வளவுக்குள் கால் வைத்ததுமே மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்லிவிடுவேன்; மட்டம் வைத்துப் பார்ப்பதெல்லாம் பிறகுதான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

அந்த வருஷம் எனக்கு ஒரேயொரு குறைதான் இருந்தது. என் வீட்டுக்கு மேல்மாடி இல்லை. கெல்லிவில்லில் இருக்கும் சம்பந்தி வீட்டுக்கு மேல்மாடி உண்டு. அங்கே போகும்போதெல்லாம் அவர் என்னை மேலே கூட்டிக்கொண்டு போய், யன்னலைத் திறந்து காற்றைக் காட்டுவார். காற்றுக்கு என்ன, கீழேயும்தான் வீசுகிறது. ஆனாலும் நானும் ஒரு மேல்மாடிக்குப் படம் கீறுவித்து, கவுன்சில் அனுமதியும் எடுத்துக் கையில் வைத்திருந்தேன்.

எங்களுக்கு மேற்குப் பக்கத்து வீட்டில் ஓர் ஆங்கிலேய அம்மா தனியாக இருந்தார். எண்பதைக் கடந்தவர். கணவர் இறந்து கனகாலம். நாங்கள் இங்கே குடிவந்த வாரம், வேலிக்கு மேலால் ஒரு பை எலுமிச்சங்காய் நீட்டியவர் அவர். அன்றிலிருந்து என் மனைவி ஞாயிற்றுக்கிழமைகளில் இடியப்பமும் சொதியும் கொடுத்துவிடுவாள். அவர் ஆண் பெண் பார்க்காமல் எல்லாரையும் ‘லவ்’ என்று கூப்பிடுவார். அது அவருடைய ஊர்ப் பழக்கமாம். என் மனைவிக்கு அது நல்ல வாய்ப்பாகப் போய்விட்டது.

“இஞ்சேருங்கோ, உங்கட லவ் வேலியடியில கூப்பிடுறா” என்பாள். “நீங்கள் என்னை ஒருநாளும் அப்பிடிக் கூப்பிட்டதில்லை.”

அந்த அம்மாவுக்குக் கண்ணின் நடுப்பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. ஓரத்தில் மட்டும் ஏதோ நிழலாடும். ஒருநாள் துணி காயப்போடும் கம்பியடியில் தடக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கட்டு அவிழ்த்த பிறகும் வெளியே இறங்கவில்லை. குசினிக் கதிரையே கதி. கால் மெலியத் தொடங்கியது.

மகன் ஒருவர்தான். பேர்த்தில் சுரங்க வேலை. பறந்து வந்தார். நல்ல பிள்ளை, தாயின் கையைப் பிடித்துக்கொண்டுதான் பேசினார். நானும் மனைவியும் அப்போது அங்கே இருந்தோம். ஒரு முதியோர் இல்லத்தில் இடம் கேட்டு வைத்திருப்பதாகவும், செப்டம்பர் விடுமுறைக்குத் தான் திரும்பி வரும்போது அம்மா ஒருவர் துணையும் இல்லாமல் வெளியே போய் வரக்கூடியவராக இருந்தால் இந்த வீட்டிலேயே இருக்கலாம் என்றும், இல்லையென்றால் வீட்டை விற்கத்தான் வேண்டும் என்றும் சொன்னார். உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வரும் பெண், பழகிய இடத்தில் நடந்தால் பயம் தெளியும் என்று சொல்லியிருந்தாள்.

அந்த அம்மா பேசியது ஆங்கிலம். எனக்கு எப்படிக் கேட்டதோ அப்படி எழுதுகிறேன்.

“கண்ணை மூடிக்கொண்டு நான் நடக்கக்கூடிய இடம் ஒண்டு இருக்கு. நான் பிறந்த இடம். அது இங்கிலாந்தில எல்லோ இருக்கு.”

“அதை இஞ்ச பின்வளவில போட்டுத் தாறன்” என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிப்பதற்காக எதையும் சொல்கிறவன் இல்லை. அடுத்த நாள் காலை ஆப்புக்கட்டையும் நூலுமாக அவர் வளவுக்குள் போய்விட்டேன்.

அவர் வீட்டின் முன்பக்கம் வடக்கே தெருவைப் பார்த்தது. பின்வளவு தெற்கே நீளமாகப் போகும், போகப்போக மேலேறும். பழைய காலத்து வளவு, தாராளமான இடம். அவரைக் குசினி வாசலில் கதிரை போட்டு இருத்தி, ஊரைச் சொல்லச் சொன்னேன்.

அது கிராமம்கூட இல்லையாம். கோயில் இருந்தால் கிராமம். கோயில் இல்லாமல் நாலு வீடு சேர்ந்து கிடந்தால் அதற்கு வேறு பெயர். எங்கள் பேச்சில் குறிச்சி என்று வைத்துக்கொண்டேன். ஒன்பது வீடு. கடை இல்லை, தபால் கந்தோர் இல்லை. தெற்கே சரிகிற ஒரு நிலம். அடிவாரத்தில் ஓர் ஊற்று. அதற்குக் கருங்கல் தொட்டி. அங்கே பெரிய மரம் ஒன்று நின்றதால் ஊற்றடி எப்போதும் நிழல். ஊற்றிலிருந்து ஓர் ஒழுங்கை, குறுகிய மண்வழி, மேலே ஏறும். பல நூறு வருஷமாக மாடுகள் நடந்து நடந்து, ஒழுங்கை இரண்டு பக்க வயலையும்விட ஆள் உயரத்துக்குத் தாழ்ந்துவிட்டது. நடுவழியில் ஒரு குட்டை. அதைச் சுற்றி ஒழுங்கை வளையும். மேற்கே ஒரு குன்று. சூரியன் அதற்குப் பின்னால் விழுந்துவிடுவதால் மற்ற ஊர்களைவிட அங்கே மாலை கொஞ்சம் முந்தி வரும். உச்சியில் கடைசி வீடு அவர்களுடையது. அவருடைய தகப்பன் பண்ணையில் மாடு பார்த்தவர்.

வளைவு தாண்டினால் வழியோரத்தில் ஒரு தட்டைக் கல். அது என்னத்துக்கு என்று கேட்டேன். அங்கே கோயிலும் இல்லை, இடுகாடும் இல்லை. யாராவது செத்தால் பெட்டியைத் தோளில் சுமந்து வயல் வழியாக அடுத்த கிராமத்துக்குப் போகவேண்டும். தோள் மாற்றுவதற்கு முன் பெட்டியை இறக்கி வைக்க அந்தக் கல். அட, இது எங்களுடைய சுமைதாங்கி அல்லவா என்றேன். எங்கள் ஊரில் உயிரோடு இருக்கிறவன் தலைச்சுமையை இறக்குவான். இவர்கள் செத்தவனுக்கும் இளைப்பாறக் கல் போட்டிருக்கிறார்கள். அவருக்கு அது நன்றாகப் பிடித்துவிட்டது. சுமைதாங்கி என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டுச் சொல்லிப் பழகினார். நாக்கு வளையவில்லை, விடவும் இல்லை.

கல்லைத் தாண்டி அவர்கள் வீட்டுக்குப் போகும்வரை புல்வெளி. ஆனால் சமமான வெளி இல்லை, மேடும் பள்ளமுமாகக் கிடக்கும். சிறுவயதில் அதில் உருண்டு விளையாடுவார்களாம். அவை வீடுகள் இருந்த இடம் என்று பிறகுதான் தெரிந்ததாம். முற்காலத்தில் அந்தக் குறிச்சி பெரிய ஊராகவே இருந்திருக்கிறது. நிலத்துச் சொந்தக்காரப் பிரபு ஒருவர், ஆள் குடியிருப்பதைவிட செம்மறி மேய்ந்தால் லாபம் என்று கண்டு, சனத்தை எழுப்பிவிட்டு வீடுகளை இடித்துவிட்டார். அத்திவாரங்களுக்கு மேல் புல் வளர்ந்து மூடிவிட்டது. அதுதான் அந்த மேடு.

சனம் எங்கே போனது என்று கேட்டேன்.

“அதை ஒருத்தரும் எழுதி வைக்கேல்லை, லவ்” என்றார்.

மற்ற வேலைகளை என் ஆட்களும் சேர்ந்து செய்தார்கள். அந்த மேடுகளை மட்டும் அவர்களிடம் விடவில்லை. மண் கொட்டி, தட்டி, புல் பதித்து, எல்லாம் நானே என் கையால் போட்டேன்.

முழு ஊரையும் முழு அளவில் போட வளவு காணாது. அது தேவையுமில்லை. கண் தெரியாதவருக்குக் கால்தான் கண். ஆகவே காலுக்குத் தெரிகிற மாதிரிச் செய்தேன். ஊற்றடிக்கு உருண்டைக் கல். ஒழுங்கைக்குச் சல்லி, நடந்தால் சத்தம் கேட்கும். வளைவில் உயர்ந்த கல்லோரம், தடியால் தட்டிப் பார்க்க. சுமைதாங்கிக்கு நல்ல மணற்கல் பலகை. பிறகு புல்மேடு, சறுக்காதபடி தாழ்வாக. முடிவில் வாசற்படியாக ஒரு செங்கல் வரிசை, அதைத் தாண்டி, அமர்ந்து இளைப்பாற ஒரு வாங்கு. வழி நெடுக ஒரு பக்கம் பிடித்துப்போக மரக்கம்பி. அங்கே ஒழுங்கையோரம் முள்வேலியாம். முள் வேண்டாம் என்று ரோஸ்மேரி நட்டேன். கை பட்டால் மணக்கும். வேலி மணத்த ஊர் உலகத்தில் இல்லை என்று சிரித்தார்.

திசை வைத்ததுதான் என் பெருமைக்குரிய பகுதி. நாங்கள் கிணறு வெட்டினாலும் வீடு கட்டினாலும் திசை பார்க்காமல் ஆப்பு அடிக்க மாட்டோம். திசைகாட்டி வைத்துச் சுத்தமாகப் போட்டேன். அவருடைய குறிச்சியில் வீடு வடக்கே, ஊற்று தெற்கே. எனவே குசினிப் படியடியில் அவர்கள் வீட்டு வாசல், பின்வேலியடியில் ஊற்று. நிலமோ தெற்கே ஏறுகிறது, ஒழுங்கையோ தெற்கே இறங்கவேண்டும். படியடியில் மண் நிரப்பி உயர்த்தி, பின்பக்கத்தைக் கிண்டித் தாழ்த்தினேன். முதுகு முறிந்தது. ஆனாலும் கிழக்கு கிழக்கில், மேற்கு மேற்கில். யாரும் ஒரு குற்றம் சொல்ல முடியாது.

ஒரு மத்தியானம் அவரைக் கூட்டிக்கொண்டு வந்து படியில் விட்டேன். குளிர்காலம், நல்ல வெயில். கையை விட்டுவிட்டு ஒதுங்கி நின்றேன். வீட்டு நிழலுக்குள் அழகாக நடந்தார். தடி முன்னே போக, உதடு எதையோ சொல்லிக்கொண்டு போனது. நிழலைத் தாண்டி வெயிலில் கால் வைத்ததும் நின்றுவிட்டார். தலையை அங்கும் இங்கும் திருப்பினார். கை கம்பியைத் தேடியது.

“இது எங்கட இடம் இல்லை” என்றார். “என்னை வீட்டுக்குள்ள கொண்டுபோய் விடு.”

அதற்குப் பிறகு பல நாள் அவர் வெளியே வரவில்லை. நான் போனால் நன்றி சொன்னார், தேத்தண்ணி ஊற்றித் தந்தார், அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கல்லில் பிழையில்லை, சாய்வில் பிழையில்லை என்று என் மனைவியிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

“கல்லைக் கேட்டு என்ன பிரயோசனம்?” என்றாள். “அவ நிண்ட இடத்தில நீங்களும் கண்ணை மூடிக்கொண்டு நிண்டு பாருங்கோவன்.”

போய் நின்றேன். அதே மத்தியான நேரம். கண்ணை மூடினேன். முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு பிடரி சுட்டது.

எங்கள் ஊரில் சூரியன் தலைக்கு மேலால் போகிற சாமான். காலையில் கிழக்கு, மாலையில் மேற்கு. நடுவில் அது வடக்கே நிற்கிறதா தெற்கே நிற்கிறதா என்று யார் பார்த்தார்கள்? இங்கே சிட்னியில் அது வடக்குப் பக்கம் சாய்ந்துதான் போகும். அதை இத்தனை வருஷம் இந்த வெயிலுக்குள் வேலை செய்த எனக்குத் தெரியும். ஆனால் இங்கிலாந்தில்? அங்கே நின்றபடியே அவரைக் குசினி வாசலுக்குக் கூப்பிட்டுக் கேட்டேன். அங்கே வெயில் எப்போதும் தெற்கேதான் என்றார். வீட்டிலிருந்து ஊற்றுக்கு இறங்கினால் முகத்தில் அடிக்குமாம். “நீ அதைப் பிடரியில வைச்சிட்டாய். எனக்கு நான் எந்தப் பக்கம் பாக்கிறன் எண்டே தெரியேல்லை.”

வெயில்தான் அவருக்கு மிஞ்சியிருந்த வெளிச்சம். அதைத்தான் மாற்றி வைத்திருக்கிறேன்.

குறிச்சியை அப்படியே திருப்பிப் போடுகிறேன் என்றேன். ஊற்று படியடிக்கு வரட்டும், வீடு பின்வேலிக்குப் போகட்டும். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அப்படித் திருப்பினால் மத்தியானம் சரிவரும், ஆனால் காலைச் சூரியன் குன்றுப் பக்கத்தால் எழும்புமே என்றார். உண்மைதான். எனக்கு அது ஓடவில்லை. அப்படியென்றால் இடத்தை வலமாக, வலத்தை இடமாக மாற்றிப் போடவா என்று கேட்டேன். சூரியன் எல்லா நேரமும் ஒழுங்காக இருக்கும்.

“சூரியன் ஒத்துக்கொள்ளும். என்ர கால் ஒத்துக்கொள்ளாது” என்றார். “வீட்டுக்கு ஏறேக்க குட்டையடியில கால் தானாகவே இடப்பக்கம் திரும்பும். வலப்பக்கம் திருப்பினா நான் குட்டைக்குள்ள.”

கடைசியில் அவர்தான் கேட்டார், நாங்கள் இங்கே காலை எழும்பித் தேத்தண்ணி குடிக்கும்போது அங்கே என்ன நேரம் என்று. முதல்நாள் பின்னேரம் கழிந்து இரவு தொடங்குகிற நேரம் என்றேன். லண்டனில் இருக்கும் தமையனோடு கதைப்பதற்கு நான் எப்போதும் போடுகிற கணக்கு. அங்கே கோடையில் அந்த நேரத்துக்கும் வானத்தில் வெளிச்சம் கிடக்கும் என்று அவர் சொன்னார். சொல்லும்போதே முகம் மலர்ந்தது.

“அப்ப நான் இங்கத்தைக் காலையில நடக்கிறன். அது அங்கத்தை மாலை. உன்ர வீட்டுக் கூரைக்கு மேலால வாற சூரியன், எங்கட குன்றுக்குப் பின்னால போற சூரியன்.” பிறகு சொன்னார்: “போகப்போகச் சூடேறுற மாலை. இங்கிலாந்துக்காரி இதுக்கெல்லாம் குறை சொல்லுவாளே?”

போட்ட கல்லையெல்லாம் பெயர்த்தேன். மூன்று நாடு பார்த்த முதுகு இது, இன்னும் ஒருமுறை வளைந்தது. நிரப்பிய மண்ணை அள்ளிக் கிண்டிய பள்ளத்தில் கொட்டினேன். அப்போதுதான் கவனித்தேன்: நிலம் தன்பாட்டில் எப்படிக் கிடந்ததோ, அதுதான் அந்தக் குறிச்சியின் சாய்வு. படியடியிலிருந்து பின்வேலிவரை மெல்ல ஏறுகிறது. படியடியில் மழைக்குத் தண்ணீர் தேங்கும். அதற்கு ஒருமுறை நானே வடிகால் போட்டுக் கொடுத்திருந்தேன். ஊற்று வரவேண்டிய இடம் அது. வீட்டு நிழலும் அங்கேதான் விழுகிறது. முதல் நாளே அந்த நிலம் சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறது. நான்தான் திசைகாட்டியைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

கல்லையெல்லாம் திருப்பிப் பதித்து முடித்த பிறகு, ஒவ்வொரு நாள் காலையும் அவர் நடந்தார். முதலில் ஊற்றடி மட்டும். பிறகு குட்டை. பிறகு சுமைதாங்கியில் இருந்துவிட்டுத் திரும்புவார். நான் வேலியோரம் தேத்தண்ணிக் கோப்பையோடு நிற்பேன், ஆனால் வாய் திறக்க மாட்டேன். அது என் வாழ்க்கையில் நான் செய்த கடினமான வேலைகளில் ஒன்று.

செப்டம்பரில் மகன் வந்தார். மறுநாள் காலை அந்த அம்மா தலை வாரி, நல்ல மேற்சட்டை போட்டுக்கொண்டு படியில் நின்றார். மகன் அவர் கையைப் பிடிக்கப் போனார். நான் மகனின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

தடி உருண்டைக் கல்லில் தட்டியது. சல்லி நெரிந்தது. இடப்பக்கக் கன்னத்தில் வெயில் பட, ரோஸ்மேரியைத் தடவிக்கொண்டு ஏறினார். வளைவு வந்தது. நின்றுவிட்டார்.

நின்றவர் நின்றபடி. தடியை மார்போடு அணைத்து, கல்லோரத்தில் ஒதுங்கி, சிலை மாதிரி. இத்தனை நாளில் அவர் அங்கே இப்படி நின்றதை நான் பார்த்ததில்லை. மகன் என் காதுக்குள், “பாருங்க, தான் எங்க நிக்கிறா எண்டே அவவுக்குத் தெரியேல்லை” என்றார். பிறகு கூப்பிட்டுக் கேட்டார், அம்மா, எங்கே நிற்கிறீர்கள் என்று.

“டூங்கபியில. வேற எங்க?” என்றார் அந்த அம்மா, திரும்பாமல். “இது மாடு இறங்குற நேரம். வழி விடாம முன்னுக்குப் போனா உன்ர தாத்தா ஏசுவார்.”

இன்னும் கொஞ்சம் நின்றார். கடைசி மாடும் போயிருக்க வேண்டும். தடியை ஊன்றி, இடப்பக்கம் திரும்பி, சுமைதாங்கியைத் தட்டிக்கொடுத்து, புல்மேடுகளில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கிப் போய், செங்கல் படியைக் காலால் தடவிப் பார்த்து வாங்கில் அமர்ந்தார். அங்கிருந்து கையை உயர்த்திக் காட்டினார்.

நான் மகனின் சட்டையை விட்டேன். அவர் ஓடிப்போவார் என்று நினைத்தேன். ஓடவில்லை. தாய் போன வழியே மெல்ல நடந்தார். அந்தக் குறிச்சியை அவர் ஒருநாளும் கண்டதில்லை. வளைவு வந்ததும் அவரும் கல்லோரம் ஒதுங்கி நின்றார், மாடுகள் போகும்வரை. பிறகுதான் மேலே ஏறினார். இரண்டு பேரும் வாங்கில் இருந்து கனநேரம் கதைத்தார்கள். அன்று மத்தியானமே இல்லத்துக்குத் தொலைபேசி எடுத்து, இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

என் மேல்மாடி விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது. வேலை தொடங்க வேண்டிய மாதம் வந்தது. ஒருநாள் காலை, வேலியடியில் நின்று என் கூரையைப் பார்த்தேன். அதற்கு மேல் இன்னொரு தட்டு எழும்பினால் எவ்வளவு நேரத்துக்கு வெயிலை மறைக்கும் என்று எனக்கா தெரியாது? அந்தக் குறிச்சியில் குன்று இரண்டு மடங்கு உயர்ந்துவிடும். மாலையே இல்லாமல் இருட்டிவிடும்.

படத்தைச் சுருட்டி அலுமாரிக்கு மேல் வைத்தேன். கெல்லிவில் சம்பந்தி காரணம் கேட்டார். அத்திவாரம் தாங்காது என்று சொன்னேன். நான் போட்ட அத்திவாரத்தைப் பற்றி நானே சொன்ன ஒரே குறை அதுதான். என் மனைவிக்கு மட்டும் உள்ளதைச் சொன்னேன்.

“அப்ப இனி நீங்கள் மலையோ?” என்றாள்.

“ஓம்.”

“சரி மலை, தேத்தண்ணி ஆறுது. வாங்கோ.”

கோப்பையை எடுத்துக்கொண்டு வேலியடிக்குப் போனேன். வெயில் கூரையைத் தாண்டி அப்போதுதான் அந்த வளவுக்குள் விழுந்தது. அந்த அம்மா ஊற்றடியில் நின்று என் பக்கம் தடியை உயர்த்தினார்.

“குட் ஈவினிங், லவ்.”

தெருவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள். நானும் உரக்கவே சொன்னேன், “குட் ஈவினிங்” என்று.